அழுவதற்கு ஒரு படிக்கட்டு

நான் இத்தாலிய மொழி படித்தது கொலைக்கதைகளில். எங்கள் ஆட்கள் சந்தையில் படித்தார்கள், கோயிலில் படித்தார்கள், வேலை வீட்டுச் சமையலறையில் ஏச்சு வாங்கிப் படித்தார்கள். அவர்களுக்குத் தக்காளி என்ன விலை என்று கேட்கத் தெரிந்த காலத்தில் எனக்குப் பிரேதத்தை முதலில் கண்டவர் யார் என்று கேட்கத் தெரிந்திருந்தது. பலெர்மோவின் கபோ சந்தையில் இந்தக் கேள்வியால் பெரிய பிரயோசனம் இருக்கவில்லை. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் அது கொஞ்சம் ஆபத்தாகவே முடிந்தது. பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கியிருக்கும் அனுமதியை, புதுப்பிக்கப் போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பொலிஸ்காரர், "போன கிழமை வரச் சொன்னோமே, எங்கே போயிருந்தாய்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த ஒரே பாணியில் பதில் சொன்னேன்: "அன்று முழுவதும் நான் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. அதற்குச் சாட்சி இருக்கிறது." அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, அப்போதுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

இதற்கெல்லாம் காரணம் சின்யோரா. தொண்ணூறுகளில் பாதிக்கு மேல் நான் அவர் வீட்டில்தான் வேலை செய்தேன். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை. கணவர் இல்லை, ஒரே மகள் மிலானோவில். சுவரில் தொங்கும் ஐரோப்பாப் படத்தில் சுவீடனையும் பின்லாந்தையும் கம்பால் தட்டித் தட்டிக் காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர், மிலானோவுக்கு வடக்கே கால் வைத்ததில்லை. கடைசிக் காலத்தில் அவருடைய கண்ணின் நடுவிலே ஒரு மங்கல் விழுந்தது. எதையும் நேரே பார்த்தால் தெரியாது, ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். அதனால் கோழி மாதிரித் தலையைச் சரித்துத்தான் என்னைப் பார்ப்பார். வாசிக்க முடியாமல் போனதும் அந்த வேலை எனக்கு வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் நான் சத்தம்போட்டு வாசிக்கவேண்டும். எல்லாம் வடக்கத்திக் கொலைக்கதைகள். பனி, மழை, தலையிடியோடு ஒரு பொலிஸ்காரர், ஆறிப்போன கோப்பி.

"சின்யோரா, இஞ்சை பலெர்மோவிலை இல்லாத கொலையோ?" என்று ஒருநாள் கேட்டேன். (அவருடைய இத்தாலியத்தை என் வாயில் போட்டால் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"இஞ்சை கொலை வாசலிலை கிடக்கு. அதை ஏன் புத்தகத்திலை வாசிக்கவேணும்?" என்றார். "அங்கை எண்டால் கடைசியிலை ஆரெண்டு கண்டுபிடிப்பினம், மரெஷாலோ."

மரெஷாலோ என்றால் இங்கே பொலிஸில் ஒரு பதவி. சமையலுக்கும் கூட்டித் துடைக்கவும் வந்த எனக்கு அவர் தாமாகவே கொடுத்த பதவி உயர்வு.

அவர் சொன்னது எனக்கும் மனதில் பட்டது. அந்த நாடுகளில் ஒரு பிணம் விழுந்தால் நானூறு பக்கத்துக்கு அதைப்பற்றி விசாரிக்கிறார்கள். செத்தவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று கூடக் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு ஒரு வரிகூட விழவில்லை. அப்படி ஒரு நாட்டில் கொலை செய்யப்படுவதுகூட ஒரு மரியாதைதான் என்று நினைத்துக்கொள்வேன்.

கொலை நடந்த இடத்தை மனதில் பிடிக்க சின்யோராவுக்கு ஒரு முறை இருந்தது. கதையில் பிரேதம் கிடக்கும் விதம் வந்தவுடன் நான் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து, கம்பளத்தின்மேல் அதே மாதிரிப் படுக்கவேண்டும். குப்புற என்றால் குப்புற. ஒரு கை வயிற்றுக்குக் கீழே என்றால் அப்படியே. அவர் ஊன்றுதடியால் என்னைச் சுற்றி வந்து, ஓரக்கண்ணால் பார்த்து, "ஓம், இப்ப விளங்குது" என்பார். கண்ணால் காணாததைப் படிப்பிக்கக்கூடாது என்பது ஆசிரியையின் கொள்கையாம். நாற்பது தாண்டி, தலை வழுக்கை விழுந்து, கலியாணமும் கட்டாமல் இருந்த எனக்குச் சாவதிலாவது ஒரு திறமை இருந்தது.

ஆனால் உண்மையான சாவு ஒன்று என் வீட்டில் நடந்திருந்தது. அதற்கு நான் சரியாக அழவில்லை.

அம்மா ஊரில் காலமானபோது நான் பலெர்மோவில், அக்கா நோர்வேயில். அக்கா இருந்தது நோர்வேயின் உச்சியில், மீன் பக்டரியில் வேலை. தெருவெல்லாம் சண்டை நடந்த காலம், இருவராலும் போக முடியவில்லை. பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் ரெலிபோன் கடைக்குப் போய் அக்காவை எடுத்தேன். அவள் அந்தப் பக்கம் "தம்பி" என்றாள், நான் இந்தப் பக்கம் "ஓம்" என்றேன். அதற்குமேல் இருவருக்கும் சத்தம் வரவில்லை. பக்கத்துப் பெட்டியில் ஒரு மொறீசியஸ்காரர் யாருடனோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவீடு முடிந்து எவ்வளவு காலமானாலும், உரித்துக்காரர் இருவர் அதற்குப் பிறகு முதன்முதல் சந்திக்கும்போது கட்டிப்பிடித்து வாய்விட்டு அழவேண்டும். அதற்குப் பிறகுதான் சுகம் விசாரிப்பது, தேத்தண்ணி குடிப்பது எல்லாம். ரெலிபோனில் அழுதால் அது கணக்கில் வராது. ஆள் வேண்டும், தோள் வேண்டும். அம்மா போன பிறகு அக்காவும் நானும் சந்திக்கவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனில் மழையைப்பற்றிக் கதைத்தோம், மீனைப்பற்றிக் கதைத்தோம். அம்மாவைப்பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. அழாமல் எப்படிக் கதைப்பது? நான் பகிடி விடுவேன், அவள் சிரிப்பாள். வைத்துவிட்டு வெளியே வந்தால் பலெர்மோவின் வெயில் கண்ணைக் குத்தும். அக்கா இருக்கும் பக்கம் எது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. வடக்கு என்று நினைத்து ஒரு மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இப்படி இருக்கையில்தான் சின்யோரா ஒருநாள் புத்தகத்தை மூடச் சொன்னார்.

"முழுக்க மங்கிறதுக்கு முதல் நான் அந்த இடங்களை ஒருக்கால் பாக்கவேணும், மரெஷாலோ. நீயும் வா."

"எந்த இடங்கள் சின்யோரா? ஸ்டொக்ஹோம் அரண்மனையோ?"

"அரண்மனையிலை ஆரும் சாகேல்லை."

பயண முகவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். வடக்கே போவதென்றால் ஜூனில் போங்கள், பொழுது சாயாது, பூ பூத்திருக்கும் என்றார். "கதையிலை பூ இல்லை" என்று சின்யோரா மாசி மாதத்துக்கே பதிவு செய்தார். மகள் மிலானோவிலிருந்து கத்தினாள். சின்யோரா ரெலிபோனைக் காதிலிருந்து தூரப் பிடித்து, அவள் கத்தி முடிய, "மரெஷாலோ கூட வாறான்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு வடக்கத்தி நாடுகளுக்கு விசா கிடைத்தது, எஸ்தோனியாவுக்குக் கிடைக்கவில்லை. சின்யோராவின் திட்டத்தில் அதன் தலைநகர் தல்லினும் இருந்தது. கடைசி நாவலில் பொலிஸ்காரர் கப்பலேறிப் போய்ப் பழைய மதிலடியில் அடி வாங்குகிறார். அங்கே தான் தனியே கப்பலில் போய்வருவதாகவும், நான் ஸ்டொக்ஹோமில் நிற்கலாம் என்றும் சின்யோரா சொன்னார். அன்று மாலையே நான் ரெலிபோன் கடைக்கு ஓடினேன்.

"அக்கா, நான் ஸ்டொக்ஹோம் வாறன். ஒரு சனி, ஞாயிறு."

"இஞ்சை இப்ப மீன் காலமடா. லீவு தரமாட்டினம்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "பறவாயில்லை. நான் வாறன்."

அங்கிருந்து ஸ்டொக்ஹோமுக்கு ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும். சனி காலை வந்தால் ஞாயிறு பின்னேர ரயிலில் திரும்பவேண்டும். "வந்த உடனை அழுவம்" என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் தெரியும்.

அக்காவுக்கென்று பலெர்மோவுக்குப் பக்கத்தில் சியாகுல்லித் தோட்டத்தில் பழம் பிடுங்கும் கூட்டாளி ஒரு பை நிறைய மந்தரீன் தோடம்பழம் கொண்டுவந்து தந்தான். மாசியில்தான் அது இனிக்கும். கைப்பையோடு மடியில் வைத்துக்கொண்டே விமானம் ஏறினேன்.

முதலில் கோப்பன்ஹேகன். ஒரு கால்வாய்க் கரையில் வியாபாரி ஒருவன் செத்துக் கிடந்த இடம். சின்யோரா தடியால் இடத்தைக் காட்டினார்.

"இஞ்சை."

"சின்யோரா, இது கம்பளம் இல்லை. சேறு."

"அவன் மட்டும் என்ன மெத்தையிலையோ கிடந்தவன்?"

படுத்தேன். நான் படுத்த இடம் சைக்கிள் பாதை. மணி அடித்துக்கொண்டு வந்த ஒரு பெண் என்னைச் சுற்றிக்கொண்டு போனாள், திரும்பி ஏதோ ஏசினாள். டென்மார்க்கில் பிணமாகக் கிடக்கலாம், சைக்கிள் பாதையில் கிடக்கக்கூடாது. பிறகு கப்பலில் கடந்து தெற்குச் சுவீடனில் ஒரு சின்னக் கடலோர ஊர். மஞ்சள் வீடுகள், கடற்காற்று, ஆளரவம் இல்லை. சின்யோரா வாசித்த நாவல்களில் அந்த ஊரில் பாதிப்பேர் கொலையுண்டுவிட்டார்கள், மீதிப்பேர் சந்தேக நபர்கள். பாண்கடையில் நான் என் இங்கிலீஷில், கொலை நடந்த வீடு எது என்று கேட்டேன். கடைக்காரி திடுக்கிட்டு, இந்த ஊரில் அப்படி ஒன்றும் நடப்பதில்லையே என்றாள். பாண் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல, வருத்தத்தோடு சொன்னாள். சின்யோராவுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையைச் சரித்து அவளைப் பார்த்தார்.

"எல்லாரும் முதலிலை இப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார்.

அன்று பின்னேரம் கடற்கரையில் அவர் வெகுநேரம் நின்றார். கடல் சாம்பல் நிறம், வானமும் அதே. நடுக்கண் தெரியாதவருக்கு அதில் எது எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? "படத்திலை இந்தக் கடலுக்கு நீலம் அடிச்சிருந்தினம்" என்றார். "காலமெல்லாம் பிழையான நிறத்தைப் படிப்பிச்சுப் போட்டன்." எனக்கு அந்தக் கடல் முழுக்கச் சனிக்கிழமையாகத்தான் தெரிந்தது.

ஸ்டொக்ஹோமில் வெள்ளி மாலை சின்யோராவைக் கப்பலேற்றினேன். விடுதியில் பழக்கமான ஓர் இத்தாலியத் தம்பதி, பொலோஞா ஊர்க்காரர், கூடப் போனார்கள், அவர்கள் கையில் ஒப்படைத்தேன். கப்பல் பனிக்கட்டிகளை உடைத்துக்கொண்டு போனது. தல்லினை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அந்தக் கப்பலின் பின்புறம் வரைக்கும்தான் பார்த்தேன்.

ஸ்டொக்ஹோமில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், எங்களுக்கு ஏதோ ஒரு முறையில் மச்சான். அக்காவும் நானும் தங்குவது அவர் வீட்டில்தான் என்று ஏற்பாடு. சனி காலை ரயில் நிலையத்துக்கு நான் முதலே போய் நின்றேன். தொப்பி, கையுறை, மந்தரீன் பை. நெஞ்சுக்குள் அழுகை தயாராக நின்றது, கதவைத் திறந்தால் போதும்.

ரயில் வந்தது. அக்கா இறங்கினாள். நான் நினைவில் வைத்திருந்த அக்காவைவிடச் சின்ன அக்கா. பெரிய கோட்டுக்குள் முகம் மட்டும். என்னைக் கண்டாள், உதடு கோணியது, கை விரிந்தது. நானும் ஒரு அடி வைத்தேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ!" மச்சான் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது, தலையில் ஒரு பலூன் நூல் சுற்றியிருந்தது. "பிள்ளையள், குறை நினையாதேங்கோ. இண்டைக்குச் சின்னவளுக்கு முதலாவது பிறந்தநாள். ஹோல் எடுத்திருக்கிறன். நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்கு அழுத முகத்தோடை வரக்கூடாது எல்லோ?"

அக்காவின் கை விரித்தபடியே நின்றது. பிறகு அதை மடக்கிக் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"அதுக்கென்ன மச்சான்" என்றாள். "வாழ்த்துக்கள்."

செத்தவனுக்கு அழவேண்டும் என்பது எங்கள் வழக்கம். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் அழக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம். இரண்டும் ஒரே நாளில் ஒரே ரயில் மேடையில் சந்திக்கும் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. நேற்றே சொல்லியிருக்கலாமே என்று மச்சானைக் கேட்டேன்.

"சொன்னால் நீங்கள் வராமல் விட்டிடுவியள்" என்றார் அவர், நியாயமாக.

அன்று முழுவதும் நான் பலூன் ஊதினேன். அழுவதற்கென்று வைத்திருந்த மூச்செல்லாம் ரோசா நிறப் பலூனுக்குள் போனது. அக்காவைப் பெண்களோடு சமையலறையில் விட்டார்கள், பற்றிஸ் பலகாரம் மடிக்க. மந்தரீன் பையை யாரோ பிரித்துக் கேக்கைச் சுற்றி அழகாக அடுக்கிவிட்டார்கள். ஒருமுறை நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் சமையலறை வாசலுக்குப் போனேன். அக்காவின் கைகளைப் பார்த்தேன். விரல் மூட்டெல்லாம் சிவந்து வீங்கியிருந்தன. மீன் ஐஸ்.

"கை நோகுதோ அக்கா?"

"இல்லையடா. நீ ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்?"

"வேலையிலை செத்துச் செத்துத்தான்."

வேலையின் விபரத்தைச் சொன்னேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "செத்த ஆள் மாதிரிப் படுக்கிறதோ? மூதேவி, அப்பிடி விளையாடக்கூடாது" என்று மாவுக் கையால் என் தோளில் ஒன்று போட்டாள். அந்த அடிதான் அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த கட்டிப்பிடிப்பு. உடனே யாரோ, "அண்ணை, பலூன் காணாது" என்று கூப்பிட்டார்கள்.

பின்னேரம் வாடகைக்கு எடுத்த ஹோலில் பாட்டு, படப்பிடிப்பு, வீடியோ. வீடியோக்காரர் ஒவ்வொருவரையும் சிரிக்கச் சொன்னார். அந்த நாடா இன்னும் மச்சான் வீட்டில் இருக்கும். அதில் நானும் அக்காவும் கேக்குக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்று எங்கள் வாழ்நாளிலேயே பெரிய சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருப்போம். மச்சான் வீட்டில் படுக்கும்போது ஆண்கள் முன்கூடத்தில், பெண்கள் அறைக்குள். என் பக்கத்தில் ஒருவர் குறட்டை விட்டார். ஒரு சுவர் தள்ளி அக்கா.

ஞாயிறு காலை மச்சான் எழும்பவில்லை, களைப்பு. நான் துறைமுகத்தில் சின்யோராவை எடுக்கவேண்டும். அக்கா, "நானும் வாறன். அங்கையிருந்து அப்பிடியே ரயிலுக்குப் போறன்" என்று பையைத் தூக்கினாள். கடைசியில் நாங்கள் இருவரும் தனியே. சுரங்க ரயிலில் எதிரும் புதிருமாக இருந்தோம். எங்களைச் சுற்றிச் சுவீடன்காரர்கள் பேப்பர் வாசித்தார்கள். அந்தப் பெட்டியில் மூக்கைச் சீறினாலே எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அழுகைக்கு ஒரு நேரம் இருக்கிறது. அது ரயில் மேடையில் வந்தது, நாங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டோம். இப்போது கூப்பிட வெட்கமாக இருந்தது. இறங்குமிடம்வரை அக்கா தன் கையுறையை மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள்.

சின்யோரா கப்பலிலிருந்து இறங்கும்போதே கதைத்துக்கொண்டு இறங்கினார். தல்லினில் என்ன மதில்கள், என்ன கோபுரங்கள், ஆளைத் தள்ளிவிட என்றே கட்டிய மாதிரி! பிறகுதான் தலையைச் சரித்து அக்காவைப் பார்த்தார்.

"இது ஆர்?"

"என்ரை அக்கா."

"ஆ!" அக்காவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "நல்லது. இண்டைக்கு எனக்கு ரண்டு கை பிடிக்க ஆள் இருக்கு. இன்னும் ஒரே ஒரு இடம், மரெஷாலோ. பழைய நகரத்துப் படிக்கட்டு."

அக்காவின் ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒரு கோப்பிக் கடையின் மூலையில் அக்காவோடு இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து அக்கா விளங்கிக்கொண்டாள். "மனுசி என்னவாம்?" என்று கேட்டாள். சொன்னேன்.

"பாவம், கண் தெரியாத மனுசி. ஆசைப்படுது. வா போவம்."

பழைய நகரத்தில் இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய படிக்கட்டு. பனி பெய்துகொண்டிருந்தது, ஒரு சனமும் இல்லை. கதையில் ஒரு மருந்துக்கடைக்காரர் அங்கே மல்லாக்கக் கிடக்கிறார், கால் மேற்படியில், தலை கீழ்ப்படியில், கைகள் நெஞ்சில். நான்தான் அதைச் சின்யோராவுக்கு இரண்டு முறை வாசித்திருந்தேன். தடி படியைத் தட்டியது.

"இஞ்சை."

"சின்யோரா, இண்டைக்கு வேண்டாமே. அக்கா நிக்கிறா."

"இது கடைசி, மரெஷாலோ. பேந்து உன்னைச் சாகச் சொல்லமாட்டன்."

அக்காவைப் பார்க்காமலே படுத்தேன். முதுகில் குளிர் ஏறியது. கண்ணை மூடினேன், கையை நெஞ்சில் வைத்தேன். பனி முகத்தில் விழுந்தது. சின்யோராவின் தடி என்னைச் சுற்றி டொக், டொக் என்று நடந்தது.

பிறகு தடிச் சத்தம் நின்றது. வேறொரு சத்தம் கேட்டது. முதலில் அது யாருடையது என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மாவுடையது போல இருந்தது.

"என்ரை அம்மா..."

கண்ணைத் திறந்தேன். அக்கா என் தலைமாட்டில் பனியில் முழந்தாளிட்டிருந்தாள். தொப்பி கழன்று கிடந்தது. "என்ரை அம்மா, இப்பிடித்தானே கிடந்திருப்பாய்... பெத்த ரண்டும் ஒரு பிடி மண் போட வரேல்லையே அம்மா... தலைமாட்டிலை இருக்க ஒரு பிள்ளை இல்லாமல் போனியே..." அவளுடைய வீங்கிய கை என் நெற்றியில், கன்னத்தில், நெற்றியில். நான் எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. படுத்தபடியே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்தது அழுகையா, எருமைக் கத்தலா, எனக்குத் தெரியாது. அந்த ஒடுங்கிய மதில்கள் அதைப் பெருப்பித்து மேலே அனுப்பின. எங்கோ ஒரு யன்னல் திறந்தது.

நாயொன்று முதலில் வந்தது, என் காதை மணந்தது. பின்னால் ஒரு கிழவர், நல்ல கோட்டு, தொப்பி. சுவீடன் மொழியில் கேட்டார், பிறகு இங்கிலீஷில், பொலிஸைக் கூப்பிடவா, யாருக்கு என்ன நடந்தது என்று. அந்தப் பயணம் முழுக்க யாராவது ஒருவர் இப்படிக் கேட்கமாட்டாரா என்று சின்யோரா ஏங்கியிருந்தார். அம்மா என்ற ஒரு சொல் மட்டும் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். அவர் இத்தாலியத்தில், நிமிர்ந்து நின்று, பதில் சொன்னார்:

"லா மம்மா! மோர்த்தா!"

தாய் இறந்துவிட்டாள். கிழவருக்கு அது எப்படியோ விளங்கிவிட்டது. தாயைத் தேடிப் படிக்கட்டில் மேலும் கீழும் பார்த்தார். மல்லாக்கக் கிடக்கும் ஒரு வழுக்கைத் தலையனும் அவனைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணும்தான் இருந்தார்கள். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நாங்கள் ஓயும் வரைக்கும் பனிக்குள் நின்றார். பிறகு நாயைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

சின்யோரா எங்களுக்கு ஒரு படி கீழே, பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த மருந்துக்கடைக்காரனுக்கு நானூறு பக்கத்திலை ஆரும் அழேல்லை" என்றார். "இப்பதான் யோசிக்கிறன்."

அக்கா மூக்கைத் துடைத்தாள். என் முதுகில் ஒட்டியிருந்த பனியை அடித்து அடித்துத் தட்டினாள், அம்மா மணல் தட்டுவதுபோல. பிறகு, இவ்வளவு காலத்தில் முதன்முறையாகக் கேட்டாள்:

"எப்பிடியடா இருக்கிறாய்?"

நான் பகிடி ஒன்றும் சொல்லவில்லை. "தனிய இருக்கிறன் அக்கா" என்றேன். "ஓம், தெரியும்" என்றாள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் கதைத்தோம். அம்மாவின் கோபம், அம்மாவின் மீன்குழம்பு, ஞாயிற்றுப் பூசைக்கு எங்களை இழுத்துப் போன விதம். சின்யோரா நடுவில் நடந்தார், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அக்கா. ஒரு சொல்லும் விளங்காமல் அவர் இரண்டு பக்கமும் தலையைச் சரித்துச் சரித்துக் கேட்டுக்கொண்டு வந்தார். கதை இப்போதுதான் தொடங்கியிருந்தது. ரயிலோ வந்து நின்றுகொண்டிருந்தது.

வடக்கே போகும் ரயில்களின் யன்னல் திறப்பதில்லை. அக்கா ஏறி, தன் இடத்தைக் கண்டுபிடித்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினேன். அவள் மறுபடியும் சொன்னாள், இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, புருவத்தை உயர்த்தி, கேள்வியாக. ரயில் அசையத் தொடங்கியது. வேறென்ன செய்வது? ஓம், ஓம் என்று பெரிதாகத் தலையை ஆட்டினேன். அவள் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அடுத்த ஞாயிறு அல்பெர்கேரியாவிலிருந்து ரெலிபோன் எடுத்தேன்.

"அக்கா, அண்டைக்குக் கண்ணாடிக்குள்ளாலை என்ன கேட்டனீங்கள்?"

"ஏன், நீ ஓமெண்டு தலையாட்டினனீ எல்லோ?"

"ஓம், ஆனால் என்னத்துக்கெண்டு..."

"ஓமெண்டனீ. அது காணும் எனக்கு" என்றாள்.

பிறகும் பல தடவை கேட்டுப் பார்த்தேன். சொல்லவே இல்லை. என்ன கேட்டிருப்பாள் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. எதுவாக இருந்தாலும், அதை நான் இன்னும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நான் இஞ்சை.